படம் போடுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்

சில வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் நெருங்கிய ஒரு மாலை. எமது புடவைக் கடையில் கால் வைக்க இடமில்லை. பெருநாள் உடுப்பு எடுக்க வந்த ஒரு குடும்பத்தைக் கடைப் பொடியன் போனில் படம் எடுத்தான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். தாயும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவே படம் எமது பேஸ்புக் பக்கத்தில் ஏறியது.

மறுநாள் பிள்ளைகளின் தகப்பன் கட்டாரிலிருந்து பேசினார். "நானா, உடுப்பு எடுக்கத்தானே வீட்டாரை அனுப்பினேன். உங்கட விளம்பரத்துக்கா அனுப்பினேன்?" என்னிடம் பதில் இருக்கவில்லை. படத்தை உடனே அழித்தோம். அதற்குள் பலர் அதைப் பகிர்ந்துவிட்டனர். அந்தக் குடும்பம் பிறகு எமது படி ஏறவேயில்லை.

பிழை பொடியனுடையதல்ல, சொல்லிக் கொடுக்காத என்னுடையது. படம் எடுக்க நிற்பது வேறு, அதை ஊருக்குக் காட்டச் சம்மதிப்பது வேறு. மௌனத்தைச் சம்மதமாக நாம் கணக்கெடுத்துவிட்டோம்.

நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஒருவரை அடையாளம் காட்டும் படமும் தனிப்பட்ட தரவே. வற்புறுத்தலின்றி, எதற்கென்று அறிந்து, தெளிவாகக் கொடுப்பதே சம்மதம். கொடுத்ததைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமையுண்டு.

இன்று எமது கடையில் நாம் கடைப்பிடிப்பவை இவை:

1. படம் எடுக்குமுன் கேட்போம். பேஸ்புக்கிலா, வட்ஸ்அப் ஸ்டேட்டஸிலா, காசு கட்டிப் போடும் விளம்பரத்திலா என்பதையும் சொல்வோம்.

2. எடுத்த படத்தைக் காட்டி, "போடலாமா?" என்று மீண்டும் கேட்போம். சம்மதித்தால் பில்லின் அடிக்கட்டையில் ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்குவோம்.

3. சிறுபிள்ளை என்றால் தாய் அல்லது தகப்பனிடம் கேட்போம். கூட்டமாக நின்றால் ஒவ்வொருவரிடமும் கேட்போம். பின்னால் நிற்கும் வேறு வாடிக்கையாளரின் முகம் விழுந்தால் வெட்டிவிடுவோம்.

4. படம் தந்தால்தான் விலைக்கழிவு என்று சொல்வதில்லை. அது சம்மதமல்ல, நெருக்குதல்.

5. அகற்றச் சொன்னால் காரணம் கேளாமல் அன்றே அகற்றுவோம்.

மறுப்பவரிடம் முகம் சுளிக்க வேண்டாம். உடுப்பைப் பொம்மைக்கு அணிவித்துப் படம் எடுத்தாலும் வியாபாரம் நடக்கும். வாடிக்கையாளரின் முகம் நம்மிடம் உள்ள அமானிதம். கேட்பதற்கு அரை நிமிடம் போதும். கேளாததால் நான் இழந்தது பதினைந்து வருட வாடிக்கை.