புண் காக்கும் இல்லம்

நுழையும்முன்

போரில் பட்ட உடற்புண் ஆறியபின்னும் மனப்புண் ஆறாதிருக்கக்கூடும். அதனை ஆற்றுவதில் மருத்துவரோடு குடும்பத்தாருக்கும் பங்குண்டு. அப்பங்கின் இயல்பையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில்கிழார் ஓர் இல்லத்தைக் காட்டுகிறார். வேந்தனுக்கு நேர்ந்த இடரைத் தான் தாங்கிப் புண்பட்ட வீரன் அங்கே கிடக்கிறான். வேப்பந்தழையை மனையில் செருகி, யாழ் இசைத்து, வெண்சிறுகடுகு தூவி, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை எழுப்பி அவன் புண்ணைக் காப்போம் வா எனப் பெண்ணொருத்தி தன் தோழியை அழைக்கிறாள்.

உடற்புண் கண்ணுக்குத் தெரியும்; மனப்புண் தெரியாது. முதல் உலகப்போரில் நடுக்கத்தோடும் பேச்சிழந்தும் திரும்பிய வீரர் பலர் கோழைகள் என இகழப்பட்டனர். 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இத்துயரைப் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு' எனப் பெயரிட்டு நோய்களின் வரிசையில் சேர்த்தது.

ஓய்வுபெற்றுப் பாவூர்சத்திரத்துக்குத் திரும்பிய படைவீரர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். விடியுமுன் காய்கறிச் சந்தைக்கு வரும் லாரியின் ஓசைக்கு அவர் திடுக்கிட்டு எழுகிறார். கோயில் கொடையில் வேட்டு வெடித்தால் கதவை அடைத்துக்கொள்கிறார். 'பட்டாளத்துக் கோபம்' என்று ஊரார் ஒதுங்கிவிடுவர். அவர் உறங்காத இரவுகளை அறிந்தவர் மனைவியே. அவர் கூறாமல் மருத்துவர் நோயை முழுதும் அறிதல் அரிது.

இவ்வுண்மையை இந்திய மருத்துவம் முன்னரே உணர்ந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் கூடாரங்கள் அமைத்து, நோயாளரோடு உறவினரையும் தங்கச் செய்தார். 1957இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்கினர்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை எளியவை. களத்தில் நடந்ததைச் சொல்லுமாறு வற்புறுத்தலாகாது. அவரே சொல்லும்போது இடைமறியாது கேட்டல் வேண்டும். உறங்குபவரைத் தொட்டு எழுப்பாமல், சற்றுத் தள்ளி நின்று குரல் கொடுத்தல் நன்று. சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால், மானம் கருதி மறைக்காது உடனே மருத்துவரிடம் கூறுதல் கட்டாயம்.

எனினும், காப்பது வேறு. காவல் வைப்பது வேறு. அவர் அறியாமல் உணவில் மருந்து கலந்தால் நம்பிக்கை முறியும். தமக்குரிய பிரதிநிதியைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்கு வழங்கியுள்ளது. அவ்வாறே, சினத்தையும் அடியையும் பொறுத்திருப்பது மனைவியின் கடமையன்று. அவருக்கும் துணை வேண்டும். 'டெலி மனஸ்' உதவி எண் 14416இல் நோயுற்றவர் மட்டுமன்றிக் குடும்பத்தாரும் இரவும் பகலும் பேசலாம்.

அரிசில்கிழார் காட்டிய பெண் தனித்து நின்று புண் காக்கவில்லை, தோழியையும் அழைத்தாள். அவ்வழைப்புக்குச் செவிகொடுப்பது இன்று அண்டை வீட்டாரின் கடமையும் ஊரின் கடமையுமாகும்.

கற்பவை கற்றபின்

'காப்பது வேறு, காவல் வைப்பது வேறு' – இக்கூற்றை உம் ஊர்ச்சூழலோடு பொருத்தி வகுப்பில் கலந்துரையாடுக.