புருவத்தில் ஒட்டிய பஞ்சு

கேள்வி: நாவலில் வர்ணனை வந்தாலே பக்கத்தைத் தள்ளிவிடுகிறேன். கதை மட்டும் போதாதா?
– வாசகி, அனுப்பர்பாளையம்

பதில்: தள்ளாதீர்கள் அம்மா. படித்த நாவல்களில் பாதிக் கதை எனக்கு மறந்துவிட்டது; ஆட்கள் மறக்கவில்லை. அவர்களை நம் கண்முன் நிறுத்துவது வர்ணனைதான். நைட் ஷிப்ட் முடிந்து வரும், பனியன் தைக்கும் பவர் டேபிள்காரரின் புருவத்தில் ஒட்டிய பஞ்சை எழுதிவிட்டால், அவர் களைப்பைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நாவலில் நொய்யல் ஆற்றில் கலக்கும் சாயத் தண்ணீரே ஒரு பாத்திரமாகிவிடுகிறது. எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல்கடிகை' உங்கள் ஊர் பனியன் தொழிலோடு வளரும் ஐந்து நண்பர்களின் கதை. எனக்கு அவர்கள் இன்றும் பழகியவர்கள் மாதிரி. அந்த நாவலில் பத்துப் பக்கம், ஒரு வரியும் தள்ளாமல் நிதானமாகப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.