எழுத்தும் பொருளும் இணையட்டும்

வார இறுதியில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குச் சொல்வதெழுதுதல் பயிற்சி அளித்து வருகிறேன். 'பனி', 'பணி' என்று தனித்தனியே சொன்னால் குழந்தைகள் விழிக்கிறார்கள். நம் அன்றாடப் பேச்சில் இவ்வொலிகளின் வேறுபாடு மங்கிவிட்டதால் செவி மட்டும் துணைசெய்யாது, பொருளே கைகொடுக்கும்.

எனவே, சொல்லை வாக்கியத்தில் வைத்தே சொல்கிறேன்: "கேமரன் மலையில் பனி மூடியிருந்தது", "அப்பா பணி முடிந்து வந்தார்". குழந்தை அதற்கொரு படம் வரைந்து, சொந்தமாக ஒரு வாக்கியம் சொன்ன பிறகே எழுதும். ஒரு நாளைக்கு 5 சொற்கள் போதும். பத்து முறை பார்த்தெழுதுவதைவிட, சொல்லை மறைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுவதே மனத்தில் நிற்கும்.

சொல்லின் நடுவே மெல்லினம் வந்தால், 'ட' வரிசைக்கு முன் 'ண்' (நண்டு), 'ற' வரிசைக்கு முன் 'ன்' (கன்று), 'த' வரிசைக்கு முன் 'ந்' (பந்து). இம்மூன்றையும் அறிந்த குழந்தை பல சொற்களைத் தானே சரிபார்த்துக்கொள்ளும்.

சிவப்பு மை நிறைந்த ஏடு, 'தமிழ் கடினம்' என்ற எண்ணத்தைப் பிஞ்சு மனத்தில் விதைத்துவிடும். பிறகு அக்குழந்தை தமிழ் நூலைத் தொடவே அஞ்சும். தோழர்களே, உங்கள் வீட்டுத் தம்பி தங்கையரோடு இன்றே 5 சொற்களில் தொடங்குங்கள்!