பழைய லேண்ட் ரோவருக்கு வீட்டில் இருக்க வேண்டிய ஆயுதங்கள்

ஒரு காலத்தில் துரைமார் மட்டும் ஏறி இறங்கிய பழைய லேண்ட் ரோவர் ஜீப், இன்று லயத்துப் பிள்ளைகளின் கையிலும் ஓடுகிறது. மரக்கறி ஏற்றுவதற்கும் அதுதான், நடுராத்திரியில் வலி கண்ட பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கும் அதுதான். அப்படி ஒரு ஜீப்பை வைத்திருக்கும் தம்பிமாருக்காகவே இதை எழுதுகிறேன். கியர் பொக்ஸ் பிரிக்கிற வேலையை கராஜ் பாஸிடமே விட்டுவிடுங்கள். ஒயில், கிரீஸ், பிளக், பிரேக் அட்ஜஸ்ட் போன்றவற்றை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆயுதம் வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது ஸ்பெனர் செட். நான் சொல்வது, முதலில் இரண்டு இரும்பு ஸ்டாண்டும் நாலு சவுக்குக் கட்டையும். ஏன் என்று கேளுங்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு தம்பி பின் சக்கரம் ஒன்றை ஜெக்கில் தூக்கிவிட்டு அடியில் படுத்தார். ஜீப் நகர்ந்து ஜெக் சரிந்தது. கால் முறிந்து மூன்று மாதம் வேலை இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "ஹேண்ட் பிரேக் நல்லா இழுத்துத்தானே இருந்துச்சு சேர், எப்படி உருண்டுச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அநேகமான கார்களில் ஹேண்ட் பிரேக் இரண்டு பின் சக்கரங்களையும் நேராகவே பிடிக்கும். 1948இல் வந்த முதலாவது லேண்ட் ரோவர் தொடக்கம் 1985 வரை செய்யப்பட்ட சீரிஸ் 3 வரைக்கும் அப்படி இல்லை. அந்த பிரேக் டிரம் கியர் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. அது பிடிப்பது பின்பக்கம் போகும் ஷாஃப்டை. ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் நின்றால், அது ஒரு பக்கமாகச் சுற்ற, தரையில் உள்ள மற்றச் சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். டிஃபரன்ஷல் அதற்கு இடம் கொடுக்கும். ஷாஃப்ட் அசையாது, ஆனால் ஜீப் உருண்டுவிடும்.

ஆகவே சமதரையில் நிறுத்துங்கள். நம்ம தோட்டத்தில் சமதரை எங்கே என்று கேட்பீர்கள், கொழுந்து மடுவத்து முற்றம் இருக்கிறதே! தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சிவப்புக் குமிழ் லீவரைப் பின்னால் இழுத்து லோவில் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். ஃப்ரீ வீல் ஹப் பூட்டிய ஜீப் என்றால் அதையும் லொக் பண்ணியிருக்க வேண்டும். தூக்கியவுடன் அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட். சீமெந்துக் கல் வேண்டவே வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் வெடித்துவிடும்.

இனி ஸ்பெனர். இதில்தான் காசு வீணாகிறது. மிகப் பழைய ஜீப்பில் விட்வர்த் அளவு நட்டுகள் அதிகம், பின்னால் வந்தவற்றில் ஏஎஃப் அளவு. இரண்டும் அங்குலக் கணக்குத்தான், ஆனாலும் ஒன்றல்ல. ஏஎஃப் ஸ்பெனரில் அடித்திருக்கும் எண் நட்டின் தலை அகலம். விட்வர்த்தில் அடித்திருப்பது போல்ட்டின் தடிப்பு. கால் அங்குலம் என்று போட்ட இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விட்வர்த் இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாக இருக்கும். அரை அங்குல ஏஎஃப் நட் 12.7 மில்லிமீற்றர். அதற்கு 13ஆம் நம்பர் போட்டு இழுத்தால் முதல் தடவை கழலும், இரண்டாம் தடவை மூலை மழுங்கும், மூன்றாம் தடவை உளிதான். முக்கால் அங்குலத்துக்கு மட்டும் 19 நம்பர் சரியாகப் பொருந்தும்.

பெரிய செட் தேவையில்லை. கழற்றிய நட்டுகள் இரண்டு மூன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், பொருந்துகிற ரிங் ஸ்பெனரை மட்டும் வாங்குங்கள். ஏஎஃப் ஜீப்புக்கு 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும்.

ஃபீலர் கேஜ் ஒன்றும் வேண்டும். 2.25 லீட்டர் பெற்றோல் இன்ஜினுக்கு டெப்பட் இடைவெளி 0.010 அங்குலம், பொயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 வரை. கிரீஸ் கன் வைத்திருப்பவர்கள் நிப்பிளைத் துடைத்துவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும்.

ஒரு சின்னச் சுத்தியலும் எடுத்து வையுங்கள். பொடி அலுமினியம், துருப்பிடிக்காது என்று பெருமை பேசுவோம். சேஸி இரும்புதானே! நம்ம மழைக்கும் பனிக்கும் அது உள்ளேயிருந்து அரிக்கும். அடியில் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் நல்லது, மொத்தென்று கேட்டால் அந்த இடம் போய்விட்டது. வெல்டிங் செய்யும் வரை ஆட்களை ஏற்றாதீர்கள்.

பிரேக் ஒயிலுக்குச் சின்னப் போத்தலாக வாங்குங்கள். மூடியைத் திறந்தால் காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். போன வருடம் திறந்த மிச்சத்தை ஊற்றி இறக்கத்தில் போக வேண்டாம்.

கடைசியாக ஸ்டார்ட்டிங் ஹேண்டில். பெட்டரி செத்த ராத்திரியில் அதுதான் துணை. பிடிக்கும்போது பெருவிரலையும் மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். சுற்றிப் பிடித்திருந்தால் இன்ஜின் திருப்பி உதைக்கும்போது விரல் முறியும்.