ஒற்றைக் கருங்காலி போதாது

கண்டிக்குக் கிழக்கே 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை, தெல்தெனியப் பழைய நகரையும் வயல்களையும் நீருள் ஆழ்த்தியது. அங்கிருந்து பெயர்ந்த எம் குடும்பங்கள் பல, மாவலியின் கீழ்ப்புறத்தில் வறண்ட காட்டைத் திருத்தியே குடியேறின.

அக்காட்டின் அரிய மரம் கருங்காலி. சிங்கள அயலவர் 'கலுவர' என்பர். இளமரத்தை வெட்டினால் வெளிறிய பலகைதான். கரிய வைரம் பாய நெடுங்காலம் செல்லும். பொறுமையற்ற கோடரிக்கு விறகே மிச்சம்!

வேலியோரம் ஒன்றை விட்டுவைத்தோமே என ஆறுதல் கொள்கிறோம். ஆனால் பெரும்பாலும் ஆண்பூ ஒரு மரத்திலும் பெண்பூ வேறொன்றிலுமே பூக்கும். ஆண்மரம் காய்க்காது, துணையில்லாத பெண்மரத்திலும் முளைக்கும் விதையை எதிர்பார்க்க முடியாது. ஆகவே அயற்காணிக்காரரோடு பேசி, இருவர் எல்லையில் நிற்பவற்றையும் சேர்த்துக் காப்போம். பழம் கிடைத்தால் விதையைக் காயவிடாமல் நிழலில் ஊன்றுவோம்.