திறந்த சுவடி

நம் முன்னோர் நூல்களைப் பனையோலையில் எழுதினர். ஓலை நெடுநாள் நில்லாது, செல்லரித்து அழியும். ஆதலின் ஒரு நூல் நிலைபெற வேண்டுமாயின், அதனைப் பலர் படியெடுத்தல் வேண்டும். பேழைக்குள் பூட்டி வைக்கப்பெற்ற சுவடிகள் பல மறைந்தொழிந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல சுவடிகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் திருத்தினார். படிகள் பல இருந்தமையால் அன்றோ அஃது இயன்றது?

இவ்வுண்மை இக்காலக் கணினிக்கும் பொருந்தும். கணினியின் உறுப்புகளை ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்பது பெயர். அதனை ஆக்கும் கட்டளைகளின் தொகுதி மூலநிரல் எனப்படும். மூலநிரலை மறைத்துப் பயனை மட்டும் விற்போர் உளர். அனைவர்க்கும் திறந்து வைப்போரும் உளர். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் உருவாகத் தொடங்கியது. அதனை ஒத்த கட்டற்ற இயங்குதளம் ஒன்றை ஆக்கும் பொருட்டு, ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து முழுமையான இயங்குதளம் ஆயின. இதனை எவரும் இயக்கலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். திருத்தி வழங்குவோர், தாம் பெற்ற உரிமையைப் பிறர்க்கும் தருதல் வேண்டும் என்பது லினக்சின் உரிம விதி.

நம் நாட்டின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பினின்று ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை உருவாக்கியது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தின்வழி மாணவர்க்கு அளித்த மடிக்கணினிகளில், விண்டோசுடன் பாசும் இடம்பெற்றது.

புதிய மடிக்கணினியில் லினக்சை நிறுவ விரும்புவோர் முதற்கண் தம் கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். பின்னர், இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்த்தல் நன்று. திரை, ஒலி, வைஃபை ஆகியன செவ்வனே இயங்குகின்றனவா என்பதை நிறுவுமுன்னரே அறியலாம். மிகப் புதிய உறுப்புகளைப் பழைய கருநிரல் அறியாதிருத்தலும் உண்டு. அவ்வழிப் புதிய பதிப்பை நாடுக. இவ்வாறு ஆராயாது வட்டினை அழிப்பவர் உள்ளதையும் இழப்பர்.

இம்முயற்சியால் வரும் பயன் யாது? பர்கூரை எண்ணிப் பாருங்கள். கிருட்டிணகிரி மாவட்டத்தில், அண்டை மாநில எல்லைகளுக்கு அணித்தாக உள்ள ஊர் அது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வழங்கும் வட்டாரம். 1994இல் தொடங்கப்பெற்ற அரசு பொறியியற் கல்லூரியும் ஆங்கு உண்டு. அவ்வூர் மாணவி ஒருத்தி கணினித் திரையில் பிழையான தமிழ்ச்சொல் ஒன்றைக் காண்கின்றாள் எனக் கொள்வோம். மென்பொருள் பூட்டப்பட்டதாயின், அதன் உரிமையாளர் திருத்தும்வரை அவள் காத்திருத்தல் வேண்டும். திறந்ததாயின், தானே திருத்தி அனுப்பலாம். ஆக்கியோர் ஆய்ந்து ஏற்பராயின், அச்சொல் யாழ்ப்பாணத்துத் திரையிலும் மலேசியத் திரையிலும் தோன்றும். தெலுங்கும் கன்னடமும் பேசும் அவள் தோழியரும் தத்தம் மொழிக்கு இவ்வாறே பணிசெய்யலாம்.

மாணவர்களே! பெற்ற நூலைப் பிழை நீக்கிப் பின்னோர்க்கு அளித்த மரபு நம்முடையது. ஓலையில் செய்த அத்தொண்டினைக் கணினியிலும் செய்தற்கு உங்கட்கு வாயில் திறந்திருக்கின்றது.