கல்லணையும் நம்ம கரிசல் வரப்பும்

கோவில்பட்டிப் பக்கமிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள் கல்லணைக்கும் ஒரு எட்டு போய்வருவது வழக்கம். பூங்காவில் பிள்ளைகளை விளையாட விட்டு, கரிகாலன் சிலையைப் பார்த்து, பொரித்த மீன் தின்றுவிட்டுத் திரும்பிடுறோம். மானாவாரிக்காரனுக்கு அங்கே ஒரு பாடம் இருக்கு. அடுத்த தடவை அதையும் பார்த்துட்டு வாங்க.

பாலத்தில் நின்று நாம் பார்க்கிற மதகுகளும் ஷட்டர்களும் பிரிட்டிஷ் காலத்தில் சேர்ந்தவை. கரிகாலன் கட்டியது என்று சொல்லப்படும் பழைய அணை அடியிலுள்ள கல்கட்டுதான். சுமார் 1,080 அடி நீளம், 40 முதல் 60 அடி அகலம், பாம்பு மாதிரி வளைந்து கிடக்கு. ஆற்று மணலில் கல்லைப் போட்டால் புதையும். அதன் மேல் இன்னொரு கல். இனி இறங்காது என்கிற வரை போட்டு, அதற்கு மேல் கட்டியிருக்கிறார்கள். மணலில் அடித்தளம் போடும் இந்த வித்தையை 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் இங்கேதான் கற்றுக்கொண்டார்.

எதற்காக இந்த அணை? ஸ்ரீரங்கம் தீவின் கீழ்முனையில் காவிரி மேட்டில், கொள்ளிடம் பள்ளத்தில். சும்மா விட்டால் காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போயிரும். அந்த வழியைக் கல்லணை மறித்தது. சாதாரணத் தண்ணீர் தஞ்சை வயலுக்கு; வெள்ளம் வந்தால் அணை மேல் வழிந்து கொள்ளிடத்துக்கு. பிடிக்க முடிந்ததைப் பிடி, மிஞ்சினதுக்கு வழி விடு. அதுதான் சூத்திரம்.

நம்ம பக்கம் பல வரப்புகளில் முதல் பாதி மட்டும்தான் இருக்கு. கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வரப்பும் சேர்ந்து வெடிக்கும். ஐப்பசி மழை கொட்டினால் தண்ணீர் வெடிப்பில் புகுந்து வரப்பை அறுத்துக்கொண்டு, மேல்மண்ணோடு ஓடைக்குப் போயிரும். உடையாவிட்டாலும் தேங்கி நின்று உளுந்தை அழுக வைக்கும்.

அதனால் ஆழக் கரிசலில் வரப்பை மட்டமாகப் போடாதீங்க. 100 அடிக்கு 2, 3 அங்குலம் வாட்டம் கொடுங்க. தாழ்ந்த மூலையில் கல் பரப்பி மறுகால் வையுங்க. மறுகால் தண்ணீர் பண்ணைக்குட்டையில் விழட்டும்.

பேங்கில் இருந்தவனுக்குக் கணக்கு விடாது. 25 மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். அதில் மண் குடித்தது போக மிஞ்சுவதைச் சேர்த்தாலே, மார்கழியில் மழை ஏமாற்றும்போது காய்ப்பில் நிற்கிற பயிருக்கு ஒரு உயிர்த்தண்ணி காட்டலாம்.

புரட்டாசிக்குள் வரப்பைச் சுற்றி நடந்து, மறுகால் எங்கே என்று பார்த்துவிடுங்கள்.